போரில் வென்ற கிராண்ட், ஏட்டில் வென்ற லீ

1879 பிப்ரவரியில் பம்பாயில் வந்திறங்கிய அந்த அமெரிக்க விருந்தினருக்கு அப்போது பதவி எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குடியரசுத் தலைவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் அவர். ஜெய்ப்பூர், ஆக்ரா, தில்லி, காசி எனப் பயணம் செய்து, கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் விருந்தினராகத் தங்கினார். அவர் பெயர் யுலிசஸ் எஸ். கிராண்ட். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன அமெரிக்கத் தென்மாநிலங்களின் படைகளை முறியடித்த தளபதி.

அவர் நடத்திய போர் இந்தியர்களுக்கு அந்நியமானதன்று. லங்காஷயர் ஆலைகள் பெரும்பாலும் அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியைக் கொண்டே ஓடின. 1861இல் போர் மூண்டு, வடபுலக் கப்பற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் அந்தப் பருத்தி நின்றுபோனது. பிரிட்டனின் பார்வை இந்தியப் பருத்தியின் மீது விழுந்தது. பம்பாயில் பணம் கொட்டியது. திருநெல்வேலிக் கரிசல் காட்டுப் பருத்திக்கும் கிராக்கி ஏற்பட்டது. 1865இல் போர் முடிந்த செய்தி எட்டியபோது விலை சரிந்தது. பங்குகளில் பணத்தைக் கொட்டியிருந்த பம்பாய் வணிகர்கள் பலர் அந்த ஆண்டிலேயே ஓட்டாண்டிகள் ஆனார்கள்.

பருத்தி மட்டுமே பிணைப்பாக இருக்கவில்லை. 1873இல் ஜோதிராவ் புலே தமது 'குலாம்கிரி' நூலை வெளியிட்டபோது, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலமின்றிப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சூத்திரர், ஆதிசூத்திரர் நிலையை அடிமை முறையோடு ஒப்பிட்டுப் பேசிய நூல் அது. அந்த ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர் கிராண்ட் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், அவர் மறைந்தபின் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அமெரிக்கப் பாடநூல்கள் வரைந்து காட்டிய கிராண்ட் வேறு. குடிகாரர், வீரர்களைக் கணக்கின்றிப் பலிகொடுத்த கசாப்புக்காரர், ஊழல் ஆட்சியின் தலைவர். அவரிடம் தோற்றுச் சரணடைந்த ராபர்ட் ஈ. லீயோ பண்பின் சிகரமாகக் காட்டப்பட்டார். தோற்றவர் தெய்வமாகி, வென்றவர் சிறுத்துப்போன விந்தையையும் சேர்த்துச் சொன்னால்தான் கிராண்டின் வாழ்க்கைக் கதை முழுமை பெறும்.

தோல் வணிகரின் மகன்

ஓஹையோ மாநிலத்தின் பாயிண்ட் பிளெசண்ட் என்ற சிற்றூரில் 1822 ஏப்ரல் 27இல் பிறந்தவர் கிராண்ட். தந்தை ஜெஸ்ஸி, தோல் பதனிடும் தொழில் செய்தவர்; அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஹைரம் யுலிசஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் பெயரைத் தவறாக எழுதி அனுப்ப, அந்தத் தவறே வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. படிப்பில் சுமார்தான், 1843இல் 39 பேரில் 21ஆவது இடம். குதிரையேற்றத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

1848இல் அவர் மணந்த ஜூலியா டென்ட், மிசௌரி மாநிலத்தில் ஏறத்தாழ 30 அடிமைகளை வைத்திருந்த பண்ணையாரின் மகள். அடிமை உழைப்பில் வாழும் குடும்பத்தில் சம்பந்தம் வைக்க விரும்பாத கிராண்டின் பெற்றோர் திருமணத்துக்கே வரவில்லை. அதே திருமணத்துக்கு வந்திருந்த ஜூலியாவின் உறவினர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட், பின்னாளில் லீயின் தளபதிகளுள் முதன்மையானவராகக் கிராண்டை எதிர்த்து நின்றார். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே படையில் மெக்சிகோவுக்கு எதிராகப் போரிட்டவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து மோதிய போர் அது.

மெக்சிகோப் போரில் நற்பெயர் எடுத்த கிராண்ட், பிறகு குடும்பத்தைப் பிரிந்து மேற்குக் கடற்கரைக் கோட்டைகளில் தனிமையில் வாடினார். குடிப்பழக்கம் பற்றிய பேச்சு அங்கேதான் பிறந்தது. 1854இல் பதவி விலகினார். அதன்பின் ஏழு ஆண்டுகள் தொட்டது எதுவும் துலங்கவில்லை. மாமனார் வழி வந்த நிலத்தில் வேளாண்மை செய்து நட்டப்பட்டார். செயிண்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857இல் கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தமது தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார்.

இந்த வறுமைக் காலத்தில்தான் மாமனாரிடமிருந்து வந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமைக்கு அவர் உரிமையாளராக இருந்தார். அடிமைச் சந்தையில் விற்றிருந்தால் பெருந்தொகை கிடைத்திருக்கும். கிராண்ட் விற்கவில்லை. 1859 மார்ச் 29இல் செயிண்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்து ஜோன்சை விடுவித்தார். இதை வைத்து அவரை அப்போதே அடிமை எதிர்ப்புப் போராளி என்று சொல்லிவிட முடியாது. மனைவியின் தந்தை வீட்டு அடிமைகளே அவருடைய இல்லத்திலும் ஊழியம் செய்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடியபோது ஒரு மனிதனை விற்க மனம் வரவில்லை என்பதற்கு அந்தப் பத்திரம் சான்று. அவ்வளவே.

1860இல் இலினாய் மாநிலத்தின் கலீனா நகரில் இருந்த தந்தையின் தோல் கடையில், தம்பிகளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது 38.

எதற்காக நடந்தது போர்?

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் வென்றதும் தெற்கு கொதித்தெழுந்தது. புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்பதே லிங்கனின் கொள்கை. இருக்கும் இடத்தில் ஒழிப்பேன் என்று அவர் அப்போது கூறவில்லை. அதையே தெற்கால் பொறுக்க முடியவில்லை. தென் கரோலினா தொடங்கி 11 மாநிலங்கள் விலகின. ஜெஃபர்சன் டேவிஸ் தலைமையில் தனிக் கூட்டமைப்பு அமைந்தது. அப்போது நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர்.

தெற்கு போராடியது மாநில உரிமைக்காக என்று பின்னாளில் ஒரு வாதம் எழுந்தது. மாநில உரிமை என்ற சொல் தமிழ் வாசகரின் செவிக்கு இனிமையானது. அதனாலேயே இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். விலகிய மாநிலங்கள் வெளியிட்ட பிரகடனங்களை எடுத்துப் படித்தால் அடிமைச் சொத்தே முதற்காரணமாக நிற்கிறது. மிசிசிப்பி அதைத் தயக்கமின்றி முன்வைத்தது. தப்பியோடிய அடிமைகளைத் தங்கள் மாநிலச் சட்டத்தால் காக்க முயன்ற வட மாநிலங்களுக்கு எதிராக, 1850இல் மத்திய அரசின் கடுமையான சட்டத்தைக் கேட்டுப் பெற்றதும் இதே தெற்குதான். கூட்டமைப்பின் அரசியல் சட்டமோ, அடிமைச் சொத்துரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாதென விதித்தது. எந்த உரிமை, யாருடைய உரிமை என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

மேற்கில் எழுந்த தளபதி

1861 ஜூனில் இலினாய் 21ஆவது படைப்பிரிவின் கர்னலாகத் திரும்பிய கிராண்ட், எட்டே மாதங்களில் நாடறிந்த பெயரானார். 1862 பிப்ரவரியில் டென்னசி மாநிலத்தின் ஹென்றி, டோனல்சன் கோட்டைகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. டோனல்சனில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அங்கே நிபந்தனையற்ற சரண் கோரப்பட்ட எதிர்த்தரப்புத் தளபதி சைமன் பக்னர், 1854இல் கையில் காசின்றித் திரும்பிய கிராண்டுக்கு நியூயார்க்கில் கைகொடுத்த பழைய நண்பர்.

அதே ஏப்ரலில் ஷைலோ. திடீர்த் தாக்குதலில் நிலைகுலைந்த படையை மறுநாள் திருப்பி வெற்றியாக்கினார். ஆனால் இரு நாட்களில் இரு தரப்பிலும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். பழைய குடிப்பேச்சு மீண்டும் கிளம்பியது. அவரை நீக்கச் சொன்னவர்களுக்கு லிங்கன் செவிசாய்க்கவில்லை.

களங்கமும் உண்டு. 1862 டிசம்பரில் பருத்திக் கடத்தலைத் தடுக்கிறேன் என்று தமது ஆளுகைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டார். ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கிய ஆணை. சில வாரங்களில் லிங்கன் அதை ரத்துசெய்தார். பின்னாளில் அதற்காக வருந்திய கிராண்ட், குடியரசுத் தலைவரானபின் யூதர்களை உயர் பதவிகளில் அமர்த்தினார்.

1863இல் மிசிசிப்பி ஆற்றங்கரையின் விக்ஸ்பர்க் கோட்டையைக் கைப்பற்றிய விதம் இன்றும் ராணுவக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பீரங்கிகளுக்கு முன்னால் இரவோடிரவாகக் கப்பல்களை நழுவவிட்டு, கோட்டைக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து, மே மாதத்தில் 17 நாட்களில் ஐந்து சண்டைகளில் வென்று, 47 நாட்கள் முற்றுகையிட்டார். ஜூலை 4இல் கோட்டை பணிந்தது. சுமார் 29 ஆயிரம் பேர் சரணடைந்தனர். கூட்டமைப்பு இரண்டாகப் பிளந்தது. அதற்கு முதல் நாள்தான் கிழக்கே கெட்டிஸ்பர்க்கில் லீ தோற்றிருந்தார்.

இந்தப் படையெடுப்புகளின் ஊடாகக் கிராண்ட் மாறிக்கொண்டிருந்தார். அவர் படை போன இடமெல்லாம் பண்ணைகளைவிட்டு ஓடிவந்த அடிமைகள் ஆயிரக்கணக்கில் கூடினர். அவர்களுக்குத் தங்குமிடமும் கூலி வேலையும் தர ஜான் ஈட்டன் என்ற மதகுருவை 1862 நவம்பரில் நியமித்தார். 1863 ஜனவரி 1இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து கறுப்பின மக்கள் படையில் சேர்க்கப்பட்டபோது, தயங்கிய தளபதிகள் பலர். முழுமனதாக ஆதரித்து லிங்கனுக்கு எழுதியவர் கிராண்ட். போர் முடிவதற்குள் சுமார் 1.8 லட்சம் கறுப்பின வீரர்கள் வடபுலப் படையில் பணியாற்றினர்.

இருவரும் நேருக்கு நேர்

வர்ஜீனியாவின் பெருங்குடியில் பிறந்தவர் லீ. தந்தை விடுதலைப் போர் வீரர். மனைவி வாஷிங்டன் குடும்பத்து வழிவந்தவர். 1861 ஏப்ரலில் வடபுலப் படைக்குத் தலைமையேற்க அழைக்கப்பட்டும் மறுத்து, பதவி விலகி, தம் மாநிலத்தின் பக்கம் நின்றார். களத்தில் அவருடைய துணிச்சலை எதிரிகளும் மெச்சினர். ஆனால் 1863இல் அவருடைய படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பியது என்பதும் வரலாறு. லீயின் சிலைகளை வடித்தவர்கள் இதை எங்கும் பொறிக்கவில்லை.

1864 மார்ச்சில் அனைத்துப் படைகளுக்கும் தலைமையேற்ற கிராண்ட், மே மாதம் லீயை எதிர்கொண்டார். முந்தைய வடபுலத் தளபதிகள் லீயிடம் அடிபட்டதும் பின்வாங்கிச் செல்வது வழக்கம். வில்டர்னஸ் காட்டில் இரண்டு நாள் கடும் இழப்புக்குப் பிறகு கிராண்ட் படையைத் தெற்கு நோக்கித் திருப்பினார். பின்வாங்கல் இல்லை என்று அறிந்த வீரர்கள் அந்த நிலையிலும் ஆரவாரித்தனர். ஸ்பாட்சில்வேனியா, கோல்டு ஹார்பர் என இரத்தம் பெருகிய ஆறு வாரங்களில் வடபுலம் இழந்தவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். கோல்டு ஹார்பரில் ஜூன் 3ஆம் நாள் நடத்திய இறுதித் தாக்குதலுக்காகத் தாம் என்றும் வருந்துவதாகக் கிராண்டே பின்னர் எழுதினார். கசாப்புக்காரர் என்ற பட்டம் இங்கே வந்தது. படையின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், போர் முழுவதிலும் லீ இழந்த விகிதமே கூடுதல் என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

பீட்டர்ஸ்பர்க் முற்றுகை ஒன்பது மாதங்களுக்கு மேல் நீண்டது. அப்போது நடந்த ஒரு கடிதப் பரிமாற்றம் இரு தளபதிகளையும் இரு தரப்பையும் ஒருசேர அடையாளம் காட்டும். 1864 அக்டோபரில் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று லீ முன்மொழிந்தார். கறுப்பின வீரர்களும் அதில் அடக்கமா என்று கேட்டார் கிராண்ட். கூட்டமைப்புக் குடிமக்களுக்குச் சொந்தமான அடிமைகள் பரிமாற்றத்துக்கு உரியவர்கள் அல்லர் என்று பதில் வந்தது. தம் சீருடை அணிந்த எவருக்கும் ஒரே உரிமைதான் என்று கூறிக் கிராண்ட் மறுத்துவிட்டார். விடுவிக்கப்படும் தென்புலக் கைதிகள் மீண்டும் போருக்கு வருவார்கள் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. இரு பக்கச் சிறைகளிலும் கைதிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டர்சன்வில் முகாமில் மட்டும் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர். எளிதான முடிவன்று அது.

கிராண்டின் நண்பர் வில்லியம் ஷெர்மன் செப்டம்பரில் அட்லாண்டாவைப் பிடித்தார். லிங்கன் மீண்டும் தேர்வானார். 1865 ஏப்ரல் 3இல் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டுக்குள் நுழைந்த படைகளில் கறுப்பின வீரர்கள் முன்வரிசையில் இருந்தனர்.

ஏப்ரல் 9. அப்பொமாட்டக்ஸ் என்ற ஊரில் வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டுக் கூடம். இடையில் வாளும் முழுச் சீருடையுமாக லீ. சேறு படிந்த சாதாரணச் சிப்பாய் உடையில் தோள்பட்டி மட்டும் தைத்த கிராண்ட். சரணடைந்தவர்கள் குதிரைகளோடு வீடு திரும்பலாம், வாக்குறுதியைக் காக்கும்வரை அரசு அவர்களைத் தொடாது என்று நிபந்தனைகள் எழுதப்பட்டன. அவற்றைத் தெளிவான கையெழுத்தில் படியெடுத்தவர் செனெக்கா பழங்குடியைச் சேர்ந்த அதிகாரி இலை பார்க்கர். பட்டினியில் கிடந்த எதிர்ப்படைக்கு 25 ஆயிரம் பேருக்கான உணவு அனுப்பப்பட்டது. வெற்றி முழக்கமாக வெடித்த பீரங்கிகளை நிறுத்தச் சொன்னார் கிராண்ட். சில மாதங்கள் கழித்து லீ மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தபோது, தாம் கொடுத்த வாக்கை மீறினால் பதவி விலகுவேன் என்று நின்று அதைத் தடுத்தவரும் அவரே. அந்தப் பெருந்தன்மைக்குக் கைம்மாறாக அவருக்குக் கிடைத்ததைக் காலம் பின்னர் காட்டியது. போரில் இறந்தோர் எண்ணிக்கை, வெவ்வேறு மதிப்பீடுகளின்படி 6.2 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் வரை.

இரண்டாவது போர்

சரணடைந்து ஐந்தே நாளில் லிங்கன் சுடப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், தெற்கின் பழைய ஆதிக்கச் சக்திகளுக்கு வழிவிட்டார். 1868இல் தேர்தலில் வென்று 1869 மார்ச்சில் பொறுப்பேற்ற கிராண்ட், போரில் பெற்றதைக் காகிதத்தில் நிலைநிறுத்த முனைந்தார். இனத்தின் பெயரால் வாக்குரிமை மறுக்கப்படக் கூடாது என்ற 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1870இல் நிறைவேறியது. அதே ஆண்டில் மத்திய நீதித் துறை உருவானது. தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தனர்.

அதற்குத் தெற்கு அளித்த பதில் கு குளக்ஸ் கிளான். முகமூடி அணிந்து இரவில் வந்து வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் சாட்டையால் அடித்தும் கொன்றும் திரிந்த கும்பல். உள்ளூர்க் காவலும் நடுவர்களும் கண்ணை மூடிக்கொண்டனர். 1871 ஏப்ரலில் தனிச் சட்டம் கொண்டுவந்த கிராண்ட், அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை அனுப்பினார். ஜார்ஜியாவைச் சேர்ந்த, ஒரு காலத்தில் கூட்டமைப்புப் படையில் பணிபுரிந்த அமோஸ் அகர்மன் தலைமை வழக்கறிஞராக நின்று வழக்குகளை நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டனர். 1872க்குள் கிளான் நொறுங்கியது. குடியுரிமையைக் காக்க அடிப்படை உரிமையொன்றை நிறுத்திவைத்தது சரியா என்று வாதிடலாம். ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாக்களிக்க முடிந்தது.

நிலைக்கவில்லை. 1873 ஈஸ்டர் நாளில் லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர், சரணடைந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. அதற்கான தண்டனைகளையும் உச்ச நீதிமன்றம் 1876இல் ரத்துசெய்து, தனியார் வன்முறையைத் தடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்றாக்கியது. 1873இன் பொருளாதார நெருக்கடியில் வட மாநில வாக்காளர்களும் சலித்துப்போயினர். 1875இல் மிசிசிப்பி ஆளுநர் படை கேட்டபோது, ஓஹையோ தேர்தலில் கட்சி தோற்றுவிடுமோ என்ற அச்சத்தில் கிராண்ட் அரசு கைவிரித்தது. அவருடைய ஆட்சியின் மிகப் பெரிய சறுக்கல் அதுதான். சாராய வரி ஏய்ப்பு ஊழலும் போர்த்துறை அமைச்சரின் கையூட்டும் அதற்கு அடுத்தபடிதான். தங்கம் கிடைத்ததும் பழங்குடியினருடன் செய்த ஒப்பந்தத்தை மீறி பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் போர் தொடுத்ததையும் மறைப்பதற்கில்லை. 1877இல் அவருக்குப் பின் வந்த ஹேய்ஸ், தெற்கில் மிஞ்சியிருந்த படைகளின் காவலை விலக்கிக்கொண்டார்.

ஏட்டில் நடந்த போர்

1884இல் கூட்டாளி ஒருவரின் மோசடியால் கிராண்டின் சேமிப்பு முழுவதும் பறிபோனது. சில மாதங்களில் தொண்டைப் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதேனும் விட்டுச்செல்ல வேண்டும் என்று, விழுங்கவும் பேசவும் இயலாத நிலையில் நினைவுக் குறிப்புகளை எழுதினார். எழுத்தாளர் மார்க் ட்வைனின் நிறுவனம் அதை வெளியிட்டது. எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23இல் காலமானார். அந்த நூல் ஜூலியாவுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் டாலர் ஈட்டித் தந்தது. தெற்கு போரிட்ட நோக்கத்தைப் போல இழிந்த நோக்கம் வேறில்லை என்ற கருத்தை, எதிரியின் வீரத்தை மதித்துக்கொண்டே அதில் அவர் பதிவுசெய்திருந்தார். நியூயார்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஷெர்மனுடன் பக்னரும் உடன் நடந்தார்.

ஆனால் அதற்கு முன்பே மறுபுறம் வேலை தொடங்கிவிட்டது. 1870இல் லீ மறைந்ததும், ஜூபல் ஏர்லி போன்ற முன்னாள் தென்புலத் தளபதிகள் அவரைக் குற்றமற்ற வீரராக்கினர். தெற்கு தோற்றது எண்ணிக்கையால் மட்டுமே, போர் நடந்தது அடிமை முறைக்காக அல்ல, கிராண்ட் வெறும் முரட்டுப் பலம் என்ற மூன்று கூற்றுகளும் மேடைகளில் முழங்கின. கெட்டிஸ்பர்க் தோல்விக்கு ஒருவரைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது. போருக்குப்பின் கிராண்டின் கட்சியில் சேர்ந்து, 1874இல் நியூ ஆர்லியன்சில் கறுப்பினப் படையினரோடு நின்று வெள்ளை ஆதிக்கக் கும்பலை எதிர்த்த லாங்ஸ்ட்ரீட் அதற்கு வாகாக அமைந்தார். ரிச்மண்டில் லீயின் மாபெரும் சிலை 1890இல் எழுந்தது. தென்மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஒவ்வொன்றாகப் பறித்த காலமும் அதுவே. வட மாநிலப் பேராசிரியர்களும் அதே கதையைப் பாடநூலாக்கினர். 1948இல் வரலாற்றாசிரியர்களிடம் நடத்திய கணிப்பில் குடியரசுத் தலைவர்கள் 29 பேரில் கிராண்டுக்குக் கிடைத்தது 28ஆவது இடம்.

பிரெடெரிக் டக்ளஸ் போன்ற கறுப்பினத் தலைவர்கள் அன்றே இதை மறுத்தனர்; கேட்பார் இல்லை. குடியுரிமைப் போராட்டங்கள் வென்ற பிறகுதான் கிளானை ஒடுக்கிய வழக்கு ஆவணங்களை ஆய்வாளர்கள் புரட்டத் தொடங்கினார்கள். சி-ஸ்பான் தொலைக்காட்சி நடத்திய வரலாற்றாசிரியர் கணிப்பில் 2000இல் 33ஆவது இடத்தில் இருந்த கிராண்ட், 2021இல் 20க்கு உயர்ந்தார்.

இடையே 2020 ஜூனில், இனவெறிக்கு எதிரான போராட்டத்தின்போது சான் பிரான்சிஸ்கோ பூங்காவிலிருந்த கிராண்டின் மார்பளவுச் சிலையையும் கூட்டம் ஒன்று கவிழ்த்தது; அவர் ஒரு அடிமைக்கு உரிமையாளராக இருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ரிச்மண்டின் லீ சிலை 2021 செப்டம்பர் 8இல் பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், வாஷிங்டனுக்கும் பெர்ஷிங்குக்கும் மட்டுமே உரியதாக இருந்த, படைகள் அனைத்துக்கும் தளபதி என்ற உச்சப் பதவியை மறைவுக்குப் பின் கிராண்டுக்கும் வழங்க ஒப்புதல் அளித்தது.